சாம்சனுக்குக் கோபம் போன கதை

பனங்கூட்டுவிளையை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வடக்கே போகிற பஸ்ஸும் அங்கே நிற்காது, தெற்கே போகிற பஸ்ஸும் நிற்காது. இரண்டும் எதிரெதிரே வந்து ஒன்றுக்கொன்று வழிவிடும்போது கொஞ்சம் தயங்கும். அந்தத் தயக்கத்தில் குதிக்கத் தெரிந்தவர்கள்தான் ஊருக்குள் போக முடியும்.

அந்த ஊரில் ஞானப்பிரகாசம், சூசை, இன்னாசி என்று மூன்று அண்ணன் தம்பிகள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டிக்கொண்டிருந்தார்கள். மைக் செட் மூன்று பேருக்கும் பொது. புத்தியும் பொதுதான், எந்த நேரத்தில் அது யாரிடம் இருக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஆனால் தொழிலில் சுத்தம். எதையும் மூன்று தடவை சோதிக்காமல் தொடங்க மாட்டார்கள். சாப்பிட உட்கார்ந்தால்கூட முதல் உருண்டையை வாயருகே கொண்டுபோய், "ஒன்... டூ... த்ரீ" என்று அதனிடம் சொல்லிவிட்டுத்தான் விழுங்குவார்கள்.

மூத்த இரண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் ஒன் டூ த்ரீ சொன்னார்கள் என்று கேள்வி. இளையவன் இன்னாசிக்கு மட்டும் ஜெசிந்தா வாய்த்தாள்.

ஜெசிந்தா பயந்த சுபாவம். குக்கர் விசில் அடித்தால் சிலுவை போட்டுக்கொள்வாள். பல்லி கத்தினால் பல்லியிடம் மன்னிப்புக் கேட்பாள். எட்டு மாதத்துக்கு முன்னால் பிளெஸ்ஸி பிறந்ததிலிருந்து அவள் பயத்துக்கு ஓய்வே இல்லை. பிள்ளை அழுதால் ஏன் அழுகிறது என்று பயம். அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று பயம்.

பிளெஸ்ஸிக்குக் கூழ் கொடுக்கத் தொடங்கியபோது அந்தப் பயத்துக்கு ஒரு காரணமும் கிடைத்தது. பிள்ளை வாயைத் திறக்கவில்லை. காக்கா காட்டினார்கள், ரயில் காட்டினார்கள், சூசை கரணம்கூட அடித்துக் காட்டினான். வாய் பூட்டுப் போட்டது போல இருந்தது.

அப்போதுதான் இன்னாசி சந்தையிலிருந்து ஒரு வெள்ளை முயலை வாங்கிவந்தான். விற்றவன் "ஆண் முயல், அசல் ஜாதி" என்று சொன்னான். அதனால் சாம்சன் என்று பெயர் வைத்துக் கூண்டின் நெற்றியில் பச்சைப் பெயிண்டில் எழுதினார்கள். சாம்சன் கீரையை மென்றது. பிளெஸ்ஸி பார்த்தாள். முயலின் வாய் அசைய அசைய அவளுடைய வாயும் திறந்தது. ஜெசிந்தா அந்த இடைவெளியில் கூழை ஊட்டினாள். ஒரு கிண்ணம் காலி.

பதினைந்து நாள் இப்படிச் சுகமாகப் போயிற்று. பதினாறாம் நாள் சாம்சன் சூசையின் கட்டைவிரலைக் கடித்தது. பதினேழாம் நாள் இன்னாசியை. பதினெட்டாம் நாள் ஞானப்பிரகாசம் போய், "பெரியவன்னு ஒரு மரியாதை வேண்டாமா?" என்று கேட்டார். அவரை இரண்டு தடவை கடித்தது.

பிளெஸ்ஸியோ அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தாள். எங்கே விட்டாலும் கூண்டைப் பார்த்தே போனாள். ஜெசிந்தா பிள்ளையின் கைகளில் சாக்ஸ் மாட்டினாள். அதன் மேல் இன்னொரு சாக்ஸ் மாட்டினாள். அப்படியும் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"இங்க பாருங்க," என்று புருஷனிடம் சொன்னாள். "ஞாயித்துக்கிழமைக்குள்ள அது கடிக்கிறத நிறுத்தணும். இல்லைன்னா பூசை முடிஞ்சதும் கறிக்கடை லாசரை வரச் சொல்லிடுவேன்."

"அப்புறம் பிள்ளை எப்படிச் சாப்பிடும் ஜெசி?"

"அதான் எனக்கும் தெரியல," என்று சொல்லி அழுதாள்.

புதன்கிழமை மூன்று பேரும் கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டாக்டரம்மா ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துக்கொண்டிருந்தார். தோள் வரைக்கும் கை பசுவுக்குள் இருந்தது. மிச்சமிருந்த வாயால் யோசனை சொன்னார். இன்னாசி செல்போனில் பதிவு செய்துகொண்டான்.

"கூண்டு அதோட வீடு. கேக்காம கொள்ளாம ஒருத்தன் நம்ம வீட்டுக்குள்ள கைய விட்டா நாம சும்மா இருப்போமா? அப்புறம், மேலேருந்து குனியாதீங்க, பருந்துன்னு நினைச்சுக்கும். அதோட உயரத்துக்கு இறங்கிப் போங்க. கடிச்சா அடிக்காதீங்க. வலிக்குதுன்னு அதுக்குப் புரியிற மாதிரி சத்தம் குடுங்க. ஒளிஞ்சுக்க ஒரு இடம் பண்ணிக் குடுங்க. அவ்வளவுதான், போய்ட்டு வாங்க."

ஒவ்வொரு யோசனைக்கும் நடுவில் பசு "ம்மா" என்று கத்தியிருந்தது. வீட்டில் ஆம்ப்ளிஃபயரில் போட்டு மூன்று தடவை கேட்டபோது சூசை அதையும் கவனித்தான்.

"அண்ணே, இந்த ம்மா எதுக்கு?"

ஞானப்பிரகாசம் கண்ணை மூடி யோசித்தார். "ஆஸ்பத்திரியில சும்மா ஒண்ணு சொல்லுவாங்களா? வைத்தியத்துல அதுவும் சேர்த்திதான்."

ஆகவே வியாழக்கிழமை காலையில் மூன்று பேரும் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, கூண்டுக்கு முன்னால் நின்று ஒரே குரலில் "ம்மா" என்றார்கள். பிறகு தட்டில் வெற்றிலை பாக்கு பழம் கீரை எல்லாம் வைத்துக்கொண்டு ஞானப்பிரகாசம் கம்பியை மெல்லத் தட்டினார்.

"வரலாமுங்களா?"

சாம்சன் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"வாங்கன்னு சொல்லலியே," என்றான் இன்னாசி.

"வீட்டுல வேலையா இருக்காங்களோ என்னமோ," என்றான் சூசை.

வெயில் ஏறுகிறவரை நின்றார்கள். கீரை வாடியது. ஜெசிந்தா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "சின்ன அத்தான், அது பசியில இருக்கு, அந்தக் கீரையையாவது போட்டுத் தொலைங்களேன்," என்று கெஞ்சினாள்.

"அழையாத வீட்டுக்குள்ள எப்படிம்மா?" என்றான் சூசை, உண்மையான வருத்தத்தோடு.

கடைசியில் ஞானப்பிரகாசத்திடம் பொதுப் புத்தி வந்து சேர்ந்தது. வாய் பேச முடியாத ஜீவன் காதை ஆட்டினால் வாங்க என்று அர்த்தம் என்று தீர்ப்புச் சொன்னார். ஒரு காதை ஆட்டினால் ஒருத்தர் வரலாம். இரண்டு காதையும் ஆட்டினால் இரண்டு பேர் வரலாம். சாம்சன் இரண்டையும் ஆட்டியது. ஞானப்பிரகாசமும் சூசையும் கையை உள்ளே விட்டார்கள். இருவரையும் பாரபட்சமில்லாமல் கடித்தது. முயலுக்கு மூன்றாவது காது இல்லாததால் அன்று இன்னாசி தப்பித்தான்.

"கூப்பிட்டுட்டுக் கடிக்குதே அண்ணே," என்று சூசை விரலை உறிஞ்சினான்.

"தப்பு நம்ம மேல. நின்னுக்கிட்டே உள்ள போனோம்ல? அதோட உயரத்துக்கு இறங்கச் சொன்னாங்கள்ல?"

உடனே உயரம் அளந்தார்கள். அளந்ததில் பெரிய சிக்கல் வந்தது. காதோடு சேர்த்து அளந்தால் ஒன்றரை சாண். காது இல்லாமல் அளந்தால் ஒரு சாண்கூட இல்லை.

"காது உடம்புல சேர்த்தியா, இல்லையா?" என்று இன்னாசி கேட்டான்.

"நம்ம உயரத்தை அளக்கும்போது முடியைச் சேர்த்தா அளக்கிறோம்?" என்றான் சூசை.

"முடி வேற, காது வேற. காதை வெட்டினா ரத்தம் வரும்ல?"

மதியச் சோறு ஆறிப்போகிறவரை விவாதித்து, காதையும் பாதி சேர்த்துக்கொள்வது என்று சமாதானம் ஆனார்கள். அந்த உயரத்தில் வாசற்படியிலிருந்து அடுப்படி வரைக்கும் வீடு முழுக்கக் கயிறு கட்டினார்கள். யாராக இருந்தாலும் கயிற்றுக்குக் கீழேதான் போய்வர வேண்டும். சாம்சன் பார்க்கிற நேரமா இல்லையா என்பதெல்லாம் கிடையாது. எப்போது பார்க்கும் என்று யாருக்குத் தெரியும்?

வெள்ளிக்கிழமை காலையில் திருவிழாவுக்கு மைக் சொல்ல வந்தார் மாதா கோயிலில் மணியடிக்கிற கோயில்பிள்ளை வியாகப்பன். நடையில் மூன்று ஆண்கள் குப்புறப் படுத்து, முழங்கையால் ஊர்ந்துகொண்டு, சுவர் முனைக்கு வந்ததும் "ம்மா" என்று கத்திவிட்டுத் திரும்புவதைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"என்ன நேர்ச்சை ஞானப்பிரகாசம்? எதுக்கு வேண்டிக்கிட்டீங்க?"

"சாம்சன் குணமாகணும்னுதான்," என்றார் ஞானப்பிரகாசம், தரையிலிருந்தபடியே.

சாம்சன் யார் என்று வியாகப்பன் கேட்கவில்லை. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரும் படுத்தார். அடுப்படி வரைக்கும் ஊர்ந்து போய் ஊர்ந்து வந்தார். எழுந்தபோது ஐந்து வருஷமாக இருந்த முதுகுவலி போய்விட்டது என்றார். பதினோரு மணிக்கெல்லாம் வாசலில் நாலு பேர் வரிசையில் நின்றார்கள், ஊர்வதற்கு.

இந்த ஏற்பாட்டில் வீட்டிலேயே ரொம்பச் சந்தோஷப்பட்டவள் பிளெஸ்ஸி. திடீரென்று ஊரே தன் உயரத்துக்கு வந்துவிட்டது. பெரியப்பாக்களுக்கு நடுவில் அவளும் தவழ்ந்தாள். அவர்களைவிட வேகமாகவே தவழ்ந்தாள். ஜெசிந்தா அடுப்படியில் கயிற்றுக்குக் கீழே தலையை நீட்டிப் பார்த்தபோது பிள்ளை கூண்டைப் பிடித்துக்கொண்டு நின்றது.

"பிடிங்க! யாராவது பிள்ளையைப் பிடிங்க!"

மூன்று பேரும் தங்களால் முடிந்த வேகத்தில் ஊர்ந்தார்கள். அது நத்தைக்குப் பொறாமை வருகிற வேகம் இல்லை. ஜெசிந்தா கயிறு, அண்ணன் தம்பிகள், நேர்ச்சைக்காரர்கள் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்தாள். அவள் போய்ச் சேருவதற்குள் உள்ளே இருந்து ஒரு உறுமல், ஒரு பாய்ச்சல். பிள்ளையைத் தூக்கியபோது வலது கையில் ஒரு சாக்ஸ்தான் இருந்தது. மேல் சாக்ஸ் சாம்சன் வாயில் இருந்தது.

ஜெசிந்தா பிள்ளையின் விரல்களை ஒவ்வொன்றாக முத்தமிட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்தன. பிளெஸ்ஸி சிரித்தாள்.

"நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி," என்றாள் ஜெசிந்தா. அதை உரக்கக்கூடச் சொல்லவில்லை. மூன்று பேருக்கும் அதுதான் பயமாக இருந்தது.

"அண்ணே, அந்தச் சத்தம் குடுக்கிறத இன்னும் செய்யல," என்றான் இன்னாசி.

சத்தம் கொடுப்பது அவர்கள் தொழில். அன்று மதியமே இரண்டு குழாய் ஸ்பீக்கரைக் கூண்டைப் பார்க்கத் திருப்பிக் கட்டினார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று தென்னைமரத்தில் ஒன்று. சூசை விரலைக் கூண்டுக்குள் நீட்டினான். இன்னாசி அவன் வாய்க்கு நேரே மைக்கைப் பிடித்தான். ஞானப்பிரகாசம் ஆம்ப்ளிஃபயர் முன்னால் உட்கார்ந்தார்.

"ஹலோ... ம்மா... ஒன் டூ த்ரீ..."

எல்லாம் சரியாக இருந்தது. சாம்சன்தான் கடிக்கவில்லை. மூலையில் போய் உட்கார்ந்து வைக்கோலை வாயில் சேகரித்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஆயிற்று.

"கடிக்காதேன்னா கடிக்குது. கடின்னா கடிக்க மாட்டேங்குது," என்று சூசை விரலை மாற்றி வைத்தான்.

"முறையாக் கூப்பிட்டியா?"

இன்னாசி மைக்கைத் தன் பக்கம் திருப்பித் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "திருவாளர் சாம்சன் அவர்கள் எங்கிருந்தாலும் உடனடியாகக் கூண்டின் வாசலுக்கு வரும்படி அன்போடு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்..."

ஊர் முழுக்கக் கேட்டது. சாம்சனுக்கும் கேட்டிருக்க வேண்டும். வந்தது. சூசையின் விரலை மோந்து பார்த்துவிட்டு, கம்பிக்கு உள்ளே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்த இன்னாசியின் கால் பெருவிரலைக் கடித்தது.

"ஐயோ அம்மா, செத்தேன்!"

தென்னைமரத்துக் குழாய் அதை அடுத்த ஊர் வரைக்கும் கொண்டுபோயிற்று. ஊரில் பாதிப் பேர் தீப்பிடித்துவிட்டது என்று குடத்தோடு ஓடிவந்தார்கள். மீதிப் பேர் யாரோ இறந்துவிட்டார் என்று தலையில் அடித்துக்கொண்டு வந்தார்கள். ஞானப்பிரகாசம் மைக்கை வாங்கி நிதானமாகச் சொன்னார்: "பொதுமக்கள் பதற வேண்டாம். இது சாம்சனுக்கான சத்தம். மற்றவர்கள் கேட்க வேண்டாம்."

குடத்தோடு வந்தவர்கள், தூக்கிவந்ததை வீணாக்க வேண்டாம் என்று ஆம்ப்ளிஃபயர் மேல் ஊற்றிவிட்டுப் போனார்கள்.

சனிக்கிழமை விடிந்தபோது கடைசி யோசனை ஒன்றுதான் மிச்சம் இருந்தது: ஒளிந்துகொள்ள ஓர் இடம். ரிப்பேரான ஸ்பீக்கரின் பெரிய மரப்பெட்டியைக் கழற்றி, முன்பக்க ஓட்டையில் திரைபோட்டு, கூண்டுக் கதவைத் திறந்து அதோடு ஒட்டிவைத்தார்கள். சாம்சன் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்தது.

"எல்லாரும் கண்ணை மூடுங்க," என்றார் ஞானப்பிரகாசம். "நாம பார்த்துக்கிட்டே இருந்தா அது பேரு ஒளியிறதா?"

மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார்கள். "ம்மா, ஒன், டூ, த்ரீ" சொன்னார்கள். திரும்பிப் பார்த்தபோது கூண்டு காலியாக இருந்தது.

"எங்க போச்சு?"

"ஒளிஞ்சிருச்சுடா! நல்லாவே ஒளிஞ்சிருச்சு," என்ற ஞானப்பிரகாசத்துக்குக் கண் கலங்கியது. நான்கு நாளில் முதன்முறையாக ஒரு யோசனை சொன்னபடி பலித்திருந்தது.

ஆனால் பிளெஸ்ஸிக்குக் கூழ் நேரம் வந்தது. ஜெசிந்தா கிண்ணத்தோடு வந்தாள். சாம்சன் இல்லை. பிள்ளை வாயை மூடிக்கொண்டது.

"பெரிய அத்தான், அந்தத் திரையைக் கொஞ்சம் விலக்குங்களேன்."

"ஒளிஞ்சிருக்கிறவங்களைத் தேடினா அதுக்குக் கோபம் வராதாம்மா? நாங்களே அது எங்க இருக்குன்னு நினைக்காமத்தான் இருக்கோம்."

உண்மையிலேயே அவர்கள் அந்தப் பெட்டியைப் பார்க்காமல் இருக்க, வீட்டுக்குள் பக்கவாட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். மதியமும் பிளெஸ்ஸி சாப்பிடவில்லை. சாயங்காலமும் தாயிடம் பால் குடித்ததோடு சரி. ஜெசிந்தா ஆறிய கூழைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சினாள்; அதையும் கொட்டினாள்.

ஞாயிறு காலை. பூசை முடிந்து லாசர் சாக்கோடு வந்து நின்றார்.

"முயல் எங்க?"

"எங்களுக்குத் தெரியாது," என்றார்கள் மூன்று பேரும், மனசாட்சிக்கு விரோதமில்லாமல்.

லாசர் ஜெசிந்தாவைப் பார்த்தார். ஜெசிந்தா பெட்டியைப் பார்த்தாள். திரை ஓரத்தில் வெள்ளை முடி கொத்துக் கொத்தாகக் கிடந்தது. தோலைப் பிய்த்தது போல அவ்வளவு முடி. அவள் பிள்ளையை இன்னாசியிடம் கொடுத்துவிட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பயத்தில் நேராகக் கையை நீட்ட முடியவில்லை. சுவரோரமாக, மெல்ல மெல்ல, "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று தனக்கே சொல்லிக்கொண்டு கையைத் திரைக்குள் விட்டாள்.

உள்ளே ஒரு ஈர மூக்கு அவள் மணிக்கட்டை மோந்தது. கை முழுக்கப் பால் வாசனை. மூக்கு அங்கேயே கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு விலகி வழிவிட்டது.

விரலில் ஏதோ வெதுவெதுப்பாகத் தட்டுப்பட்டது. அசைந்தது. பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்தில் இன்னும் ஐந்து.

"ஐயோ, என் ராசாத்தி," என்றாள் ஜெசிந்தா. "இதுக்குத்தானா?"

திரையை விலக்கிக் காட்டினாள். முடி மெத்தையில் ஏழு செக்கச்சிவந்த உருண்டைகள் நெளிந்தன. ஏழும் சின்ன வாயைத் திறந்து திறந்து மூடின. பிளெஸ்ஸி இன்னாசியின் கையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் வாயும் திறந்தது. ஜெசிந்தா ஓடிப்போய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்தாள். ஒரு வாய், இன்னொரு வாய், கடைசியில் பிளெஸ்ஸி கிண்ணத்தையும் நக்கினாள்.

லாசர் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "குட்டி போட்ட ஜீவன் மேல நான் கத்தி வைக்கிறதில்ல தாயி. எங்கப்பா காலத்துலேருந்து அப்படி. இது உன் வீட்டுலயே இருக்கட்டும்."

அவர் போனதும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள்.

"நல்ல மனுஷன் லாசர். ஆனா பாவம், விவரம் பத்தாது," என்றார் ஞானப்பிரகாசம். "ஆண் முயல் எங்கேயாவது குட்டி போடுமா?"

"அத்தான், அது பெண் முயல்," என்றாள் ஜெசிந்தா.

"பேரு சாம்சன்மா."

"பேரு நாமதானே வச்சோம்?"

"வச்சாச்சுல்ல? பெயிண்ட்லயும் எழுதியாச்சு." அதற்கு மேல் பேச்சில்லை என்பது போல அவர் கையை விரித்தார்.

சூசை குனிந்து, இல்லை, படுத்து உற்றுப் பார்த்தான். "அண்ணே, நேத்து வரைக்கும் இதுக்குக் கோபம் இருந்துச்சு. இன்னிக்குக் கோபம் இல்ல. இன்னிக்கு இந்த ஏழும் வெளிய வந்திருக்கு. நேத்து இது வெளிய இல்ல."

மூன்று பேரும் பெட்டிக்கு இன்னும் பக்கத்தில் நெருங்கினார்கள்.

"அப்போ..." என்றான் இன்னாசி.

"அதேதான்," என்றார் ஞானப்பிரகாசம். "கோபம். வெளிய வந்திருச்சு."

மூன்று பேரும் மண்டியிட்டார்கள். எல்லாம் பொருந்தியது. சிவப்பாக இருந்தது. தொட்டால் சூடாக இருந்தது. "கோபம் வந்தா கண்ணு மண்ணு தெரியாதும்பாங்க. பாருண்ணே, ஏழுக்கும் கண்ணே திறக்கல!" என்று இன்னாசி கண்டுபிடித்ததும் கொஞ்சநஞ்சம் இருந்த சந்தேகமும் தீர்ந்தது.

"அந்தச் சின்ன உடம்புல ஏழு கோபத்தை வச்சுக்கிட்டு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும்," என்று சூசை மூக்கைச் சிந்தினான்.

"இதை வெளிய விட்டா ஊருக்குள்ள போயிடும். ஊர் தாங்காது. நம்ம வீட்டுலயே வச்சு வளர்த்துர வேண்டியதுதான்," என்றார் ஞானப்பிரகாசம்.

"என்ன சாப்பிடும்?"

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டார்கள். அன்றைக்கும் அங்கே ஒரு பசு கத்திக்கொண்டிருந்தது.

"டாக்டரம்மா, கோபம் போயிடுச்சுங்க. ஏழு. செவப்பா இருக்கு, முடி இல்ல, கண்ணு திறக்கல. நெளியுது."

அந்தப் பக்கம் டாக்டரம்மா ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு அவசரமாகச் சொன்னார்: "நல்லதுங்க. நீங்களா எதையும் அதுங்க வாயில வச்சுத் தொலைச்சிடாதீங்க. கீரை, பிஸ்கட், பாக்கெட் பால் ஒண்ணும் கூடாது. தாய்ப்பால்தான். தாய்ப்பால் மட்டும்தான். வச்சிடறேன்."

ஞானப்பிரகாசம் போனைக் கீழே வைத்தார். சூசை பெட்டியைப் பார்த்தான். இன்னாசி சுற்றுமுற்றும் பார்த்தான். அந்த வீட்டில் தாய் என்று இருந்தது ஒரே ஓர் ஆள்தான். பிளெஸ்ஸியின் வாயை முந்தானையால் துடைத்துக்கொண்டு, நாலு நாள் கழித்து முதன்முறையாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

ஞானப்பிரகாசம் நாகரிகமாகச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"இன்னாசி," என்றார் மெதுவாக, "நீயே கேளுப்பா. மூத்தவன் நான் கேக்கிறது முறையில்ல."